நன்றிமட்டைச் சாஸ்திரம்: தெறியை முன்னிட்டு ஒரு விசாரணை

பிறரிடத்து ஓர் உபகாரம் பெற்றவர், மட்டைத் துண்டொன்றை இரண்டாக மடித்து, அதன் முகத்திலே தையற்காரர் கழித்தெறிந்த சீலைத்துண்டை ஒட்டி, அதன் நடுவே ஒரு தெறியையும் வைத்துத் தைத்து, உள்ளே இரண்டொரு வார்த்தை எழுதி உபகாரிக்குக் கொடுக்கும் வழக்கம் கல்லடியில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளிடையே தழைத்து வருதலின், இத்துணைப் பெரிய விஷயத்தை அறிஞருலகம் தீண்டாது விட்டது பெருங்குறையெனக் கருதி, ஆராய்ச்சியாளர் வகுத்த நெறியிலே நின்று, அதாவது எளியதை அரியதாக்கி, ஈண்டு விசாரிக்கப் புகுகின்றோம்.

முதற்கண் தொன்மை நிறுவப்படல் வேண்டும். தொன்மை இல்லாத பொருளுக்கு நம்மவர் நாற்காலி இடுவதில்லை. திருக்குறளின் 11ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல். அதன் பத்துக் குறளிலும் மட்டையுமில்லை, தெறியுமில்லை. இதனைக்கொண்டு வள்ளுவர் காலத்தில் தெறியே இல்லையென்று முடிவுகட்டுவார் அவசரக்காரர். குறளுக்குப் பழைய உரைகண்டார் பதின்மர் என்பதும், அவருள் ஐவர் உரையே இன்று நம் கைக்கு எட்டியுள்ளது என்பதும் பிரசித்தம். எஞ்சிய தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் ஆகிய ஐவரும் தெறியைப்பற்றி விரிவாகவே எழுதியிருத்தல் வேண்டும். இல்லையென்று மறுப்பவர் அவ்வுரைகளைக் கொணர்ந்து காட்டுவாராக. அழிந்த நூலைப்போல ஆராய்ச்சிக்கு உதவுகின்ற நூல் பிறிதொன்றில்லை. அது எதிர்வாதம் செய்வதில்லை.

மேனாட்டார் இதனைத் தமதென்று உரிமை கொண்டாடுதலுங் கூடும். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பார் விலைக்கு விடுத்த கிறிஸ்துமஸ் மட்டை அச்சிற் பிறந்தது. அதில் ஊசி தொட்ட இடமில்லை. ஆயின், 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த மகாயுத்தத்தில் பிரான்சு தேசத்துப் பெண்கள் மெல்லிய பட்டுத்துணியிற் பூவேலை செய்து மட்டையிற் பதித்து விற்க, போர்முனைச் சிப்பாய்கள் அவற்றை வாங்கித் தத்தம் வீட்டாருக்கு அனுப்பினர் என்பது மெய். இச்செய்தி நமது கொள்கைக்குச் சற்று இடையூறாதலின், இதனை அடிக்குறிப்பிலே புதைத்திருக்க வேண்டும். அடிக்குறிப்பு இன்மையால் இங்கே நின்றுவிட்டது.

இனி உறுப்பியல்.

மட்டை: தடித்ததாயின் நலம்.

துணி: மருதமுனைத் தறியில் நெய்த சாரனின் வெட்டுத்துண்டே உத்தமம். அதன் கட்டங்கள் தாமே அளவுகோலாகி, வெட்டுபவரின் கை கோணாதவாறு காக்கும். இழையின் போக்கிலே வெட்டாது குறுக்குச் சாய்வாக வெட்டினால் துணி இழுபட்டு, சதுரமாகப் புறப்பட்டது ஒட்டி முடிக்கையில் வேறோர் உருவம் எய்தும். சோற்றுக்கஞ்சி தோய்த்து உலர்த்தி, இஸ்திரி போட்டு, பல்லுக் கத்தரிக்கோலால் ஓரம் வெட்டியவர்க்கு இழை பிரிவதில்லை. (காண்க: எம் மாமியின் வாய்மொழி, முற்றம், தென்னையடி, பின்னேரம்.)

பசை: தண்ணீராகக் கரைத்த பசை இழைகளினூடே மேலேறித் துணியின் முகத்திற் கறையாக விடியும். ஆதலால் பசையை மட்டைக்கே மெல்லெனப் பூசுக, துணிக்குப் பூசற்க. கார்த்திகை, மார்கழியில், வாடைமழை வாவியையும் வீதியையும் ஒன்றாக்கும் நாள்களில், பசை காய்வதில்லை. ஈரம் ஒருபுறமே ஏறுதலால் மட்டை சுருளும். பரிகாரம், கனத்த நூல்களின் கீழே வைத்தல். இக்கருமத்திற்கு மாநாட்டு மலர்களை விஞ்சியவை இல்லை. இவ்வூர் உப்போடையிலே சமாதி கொண்டிருக்கும் விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழைக் கணக்கிட்டு மீட்டு 1947இல் வெளியிட்ட யாழ்நூலும் கனத்ததேயாயினும், அது இப்பணிக்கு உதவாது. படிப்பதற்கென்று இடையிடையே எடுக்கப்படுதலின் அழுத்தம் தடைப்படுகின்றது. மாநாட்டு மலருக்கு இந்தத் தோஷம் என்றுமில்லை.

மணி, றிபன், லேஸ்: பிறர் ஆராய்க.

தெறி: இதுவே நம் சாஸ்திரத்தின் உயிர்நிலை. தெறி மூவகைப்படும்: இருகண் தெறி, நாற்கண் தெறி, அடியிலே காதுடைய தெறி. அவற்றுள் மூன்றாவது மட்டையிற் படியாது நிமிர்ந்து நிற்பதால் கடிதவுறை வயிறு வீங்கும். ஆகவே அதனை விலக்குக. ஏனையவற்றைத் தைக்குமுன் ஊசியால் துளைகளை இட்டுக்கொள்ளல் வேண்டும். துளைகள் நெருங்கின், முத்திரைத் தாளின் ஓரம்போல மட்டை அவ்விடத்தே கிழிந்து வரும். இருகண் தெறியில் நூல் செல்ல வழி ஒன்றே. அங்கே ஆராய்ச்சிக்கு இடமில்லையாதலின் அதனை யாரும் விரும்பார்.

நாற்கண் தெறியிலோ கட்சிகள் இரண்டு. நூலை இரு இணைகோடுகளாக ஓட்டுவோர் இணைக்கோட்டார். பெருக்கற்குறியாக ஓட்டுவோர் குறுக்குக்கோட்டார். இணைக்கோட்டார், தம் நெறியே இயற்கையென்பர். சான்று: தெறிகள் இட்டுவைத்த பிஸ்கற் பேணி, மேலடுக்கு, நீலத்தெறி. குறுக்குக்கோட்டார் அதனை மறுத்து, நடுவிலே நூல் கடந்து கட்டுண்ணுதலின் தம் தெறியே உறுதியுடைத்தென்பர். சான்று: மேற்படிப் பேணி, மூன்றாம் அடுக்கு, முறிந்த ஊசிக்கும் செல்லாக் காசுக்கும் இடைப்பட்ட வெள்ளைத்தெறி, பழைய நூலோடு கண்டெடுக்கப்பட்டது. அந்நூலின் நிறம் பழுப்போ அழுக்கோ என்பது பற்றி விவாதம் உண்டு. இருசாராரும் தீர்ப்பு வேண்டி மாமியிடமே சென்றபொழுது மாமி அருளிய வாக்கு, "எப்படித் தைச்சா என்ன மனே" என்பதாம். (காண்க: மாமி, அடுக்களைத் திண்ணை, காலை, மீன்காரரோடு பேரம் முடியாத நிலை, "எப்படியும் தைச்சுத் துலை" என்றும் பாடம், பின்னதே மூலபாடம் என்பார், அன்று மீன் விலை ஏறியிருந்ததை ஆதாரமாகக் காட்டுவர், மீன் கடைசிவரை வாங்கப்படவில்லை என்பது பூனையின் நடத்தையால் துணியப்படும்.) இவ்வாக்கிலே மாமி சமரச சித்தாந்தத்தை நிலைநாட்டினார் என்று ஒருசாராரும், மாமிக்கு வேலை இருந்தது என்று மறுசாராரும் பொருள் கொள்வர். இரண்டாங் கொள்கைக்குப் பட்டம் கிடையாது.

பிரயோகவியல் ஒன்றே எஞ்சியது. நம் ஊரில், அயல்வீட்டிலிருந்து கறி வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பியனுப்பும் சம்பிரதாயமில்லை. இரண்டு பலகாரமேனும், முருங்கைக்காயேனும் அதனுள் இருந்தாக வேண்டும். அதுவே வாய்திறவாத நன்றியாக வழங்கி வந்தது. அப்பாத்திரத்திலே இம்மட்டையும் உடன்வைக்கத் தகுமோ என்பதைச் சோதித்தறியும்பொருட்டு, நாற்கண் தெறி குறுக்குக்கோட்டு முறையில் தைத்த மட்டையொன்று மாமிக்கே அனுப்பப்பட்டது. மாமி அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தெறியைத் தடவிப்பார்த்து, உள்ளே எழுதியிருந்ததை வாசியாமலே, "என்ன மனே, நல்ல தெறியொண்ட மட்டையில தைச்சுப் போட்டாய், மறுகா புள்ளைக்குச் சட்டைக்கு எங்க போற?" என்றார். அன்று மாலையே மட்டையினின்றும் தெறி கழற்றப்பட்டு, பேரனின் பள்ளிச் சட்டையிலே, மேலிருந்து இரண்டாம் இடத்தில், இணைக்கோட்டு முறையில் தைக்கப்பட்டமை நேரிற் காணப்பட்டது. குறுக்குக்கோட்டார் இதனை ஒப்பவில்லை. சட்டையைத் திருப்பித் தருமாறு கேட்டிருக்கின்றனர்.