ஒண்டும் படிக்கேல்லை அன்ரி

சோதனை முடிந்து, வெள்ளைச் சேட்டில் ஒரு கசங்கலும் இல்லாமல் அவன் படியேறி வருவான். கீழ் வீட்டு அன்ரி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பா.

“எப்பிடித் தம்பி?”

“பிழைச்சுப்போச்சு அன்ரி. ஒண்டும் படிக்கேல்லை.”

அன்ரி உள்ளே போய்த் தன் மகனைத் தேற்றுவா: “அவனுக்கே பிழைச்சுப்போச்சாமடா.” ஆறு மாதம் கழித்து முடிவு வரும். மேல் வீட்டில் ஒன்பது ஏ.

நுகேகொடையில் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்த தொடர்மாடி என்றால் அதில் இப்படி ஒருவன் இருப்பான். கீழ் வீட்டுப் பையன் இவனுக்கு வைத்த பெயர் சகமோட்டோ. நமி சானோ வரைந்து 2011இல் தொடங்கிய ஜப்பானிய மங்காவின் நாயகன் அவன். 2016இல் ஸ்டூடியோ டீன் அதை அனிமேயாக்கியது. கண்ணாடி போட்ட உயர்தரப் பள்ளி மாணவன், எதிலும் பிழை விடாதவன். கதிரையை இழுத்துவிட்டால் காற்றில் உட்கார்ந்திருப்பான். வகுப்புக்குள் குளவி வந்தால் கவராயத்தை எடுத்து வாள்சண்டை போடுவான். பகிடிவதை செய்ய வந்தவர்களே வாய்பிளந்து நிற்பார்கள். வகுப்புத் தோழன் ஒருவனின் அம்மா அவனைக் கண்டு மயங்கிப்போவது தனிக்கதை. அந்தப் பகுதி வந்தால் மட்டும் கீழ் வீட்டுப் பையன் சிரிக்கமாட்டான். அவனுடைய அம்மாவும் அப்படித்தானே.

மேல் வீட்டுக்காரன் வயலின் வாசிப்பான், சிங்களம் பிசகில்லாமல் பேசுவான், மாடிப்படியில் கிழவிகளின் மரக்கறிப் பையை வாங்கிக்கொள்வான். அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த ‘ஒண்டும் படிக்கேல்லை’தான்.

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு முதுகில் பையோடு இறங்குவான். தமிழ் மூல வகுப்புக்கு வெள்ளவத்தைக்கோ கொட்டாஞ்சேனைக்கோதான் போகவேண்டும். கொட்டாஞ்சேனை என்றால் 176ஆம் இலக்க பஸ்ஸில் நுகேகொடையிலிருந்து நேரே போகலாம். இரவு எட்டுக்குத் திரும்புவான். எங்கே போய் வருகிறாய் என்று கேட்டால், “சும்மா அன்ரி.” சும்மா போவதற்கு ஒருவன் பதினாலரை மணிநேரம் எடுப்பதை அன்ரி மட்டுமே நம்பினா.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்குப் 13 மணிநேரம் மின்வெட்டு. தெருவே இருட்டு. மேல் வீட்டு யன்னலில் மட்டும் சார்ஜ் லாம்பு எரியும். மே மாதம் ஓ.எல் சோதனை வந்தபோது அவன் சொன்னது: “கறண்டே இல்லை, எங்க அன்ரி படிக்கிறது?” கீழ் வீட்டில் அதே வசனத்தை மகன் சொல்லியிருந்தான். வித்தியாசம், மகன் உண்மையைச் சொல்லியிருந்தான்.

ஏ.எல்லிலும் இதே கூத்து. 2024 நவம்பரில் தொடங்கிய சோதனையை மழைவெள்ளம் இடையில் நிறுத்திவைத்தது. அந்த நாட்களில் அன்ரி மூன்று தரம் மேலே போய்ப் பார்த்தா. மூன்று தரமும் கதவு திறக்கச் சுணங்கியது. மூன்று தரமும் அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “நித்திரை அன்ரி.” விரலில் மட்டும் மை.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி, எடுத்த மார்க் அல்ல. அந்தப் பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பது. அதை நாலு தசமம் வரை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அனுமதியில் 40 வீதம் நாடு முழுக்கத் திறமை பார்த்து, 55 வீதம் மாவட்டம் பார்த்து. இரண்டு பேரும் கொழும்பு மாவட்டம், இரண்டு பேரும் கணிதப் பிரிவு. ஆகவே கீழ் வீட்டுப் பையன் இணைந்த கணிதத்துக்கு முதல்நாள் குறட்டை விட்டால், மேல் வீட்டுக்காரனுக்கு நாலாவது தசமத்தில் ஒரு தூசாவது கூடலாம். அவன் இதை யோசித்துச் செய்கிறான் என்று சொல்லவில்லை. ஆனால் கணிதத்தில் அவனுக்கு ஏ.

படித்தேன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? வருத்தப்பட்டுப் படித்த பிள்ளையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் கொஞ்சம் வருந்தலாம். தூங்கி எழுந்தே ஒன்பது ஏ எடுப்பவனைப் பார்த்து என்ன செய்வது? தன் தலையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு போனை எடுத்துப் படம் பார்க்கத்தான் முடியும். கீழ் வீட்டில் அதுதான் நடந்தது.

2025 ஏப்ரலில் முடிவு வந்த இரவு மேல் வீட்டுக்காரன் தானாகவே கீழே இறங்கி வந்தான். “ஏதோ வந்திருக்கு அன்ரி.” மூன்று ஏ. அன்ரி சீனி எடுக்க உள்ளே போனதும், கட்டிலில் குப்புறக் கிடந்த பையனின் பக்கத்தில் போய் இருந்தான்.

“எனக்கு ஒரு பெயர் வச்சிருக்கிறாயாமே. ஆரடா அவன்? ஒருக்காக் காட்டன்.”

விடிய விடிய இரண்டு பேரும் ஒரே போனில் பார்த்தார்கள். குளவிக்குச் சிரித்தான். தோழனின் அம்மாவுக்கு அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். நாலாவது பகுதி முடிய நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்தபடி கேட்டான்:

“இவன் எப்பயடா படிக்கிறவன்?”