உப்புத் தண்ணிச் சம்சாரம்

ஏல பேராண்டி, மொதல்ல அந்தப் போனைக் கீழ வை. மீன்தொட்டித் தண்ணி கலங்கிப் போச்சுன்னு ஊரையே எழுப்பிட்டே. மீனுக்கு வைத்தியம் பாக்க இந்நேரத்துல யாராவது வருவாங்களான்னு வேற விசாரிச்சியாம். சென்னையில மனுசனுக்கே நடுராத்திரி டாக்டரு கெடைக்க மாட்டாரு. உன் கடல் சாமந்திக்கு நோவும் இல்ல, நொடியும் இல்ல. அது சம்சாரம் பண்ணுது. மோட்டார் சைக்கிள் காசைக் கொட்டி, நீல லைட்டு போட்டு, ஏசி அறையில குடிவச்சு, இறாலை நறுக்கி ஊட்டினா அது வேற என்ன செய்யும், தேவாரமா படிக்கும்?

சந்தேகமா இருந்தா கிட்டப் போய் மோந்து பாரு. மருந்து பாட்டிலைத் தொடாதே, மூக்கு போதும். சாவுத சாமந்தி சுருங்கிக் கொழகொழன்னு ஆயிரும், வாய் பொளந்து கெடக்கும், பாறையைப் பிடிச்ச பிடி விட்டுப்போயிரும், நாத்தம் குடலைப் புடுங்கும். அப்படின்னா யோசிக்காம எடுத்து வெளிய போடு, இல்லாட்டி மத்ததையும் கூட்டிட்டுத்தான் போவும். வம்சம் பெருக்குத சாமந்தி அப்படி இல்ல. உடம்பு உப்பி, நடுவுல இருக்க வாயைக் குவிச்சு, விட்டு விட்டுப் புகை ஊதும். ஆணா இருந்தா கொஞ்ச நேரத்துல தொட்டி முழுசும் அரிசி கழுவுன தண்ணி கணக்கா ஆயிரும். பொண்ணா இருந்தா பொடிப்பொடியா முட்டை வரும். அதைப் பாய்ஞ்சு பாய்ஞ்சு தின்னுதது யாருங்கே? அதோட மடியிலயே ஒண்டிக் கெடக்க உன் செல்லக் கோமாளி மீனுதான்.

அந்தப் பிறவிக்கு உடம்புல வாசல் ஒண்ணே ஒண்ணு. தின்னுததும் அதுலதான், கழிக்கதும் அதுலதான், வம்சம் வெளிய வாரதும் அதுலதான். இதைக் கேட்டதும் உனக்கு யார் யார் ஞாபகம் வருவாங்கன்னு எனக்குத் தெரியும். பேரு மட்டும் சொல்லிராதே, காலம் கெட்டுக் கெடக்கு.

இப்பம் செய்ய வேண்டியதைக் கேளு. காத்துக் கல்லை உள்ள போட்டு நல்லா நுரைக்க விடு. வெளிச்சம் அணைஞ்ச பொறவு தொட்டியில ஆக்சிஜன் கொறையும். இந்தச் சரக்கும் சேந்து அழுகினா மீனு மேல வந்து வாயைப் பொளக்கும். அழுக்கை நுரையாப் பிரிக்குத ஸ்கிம்மர் பொங்கி வழியும், கப்பை எடுத்து எடுத்துக் கொட்டு. பில்ட்டர்ல புதுக் கார்பன் போடு. விடிஞ்சதும் கால்வாசித் தண்ணியை மாத்து. அவ்வளவுதான். இதுக்குப் போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி நின்னு அழுதியாமே, வீடியோ வேற எடுத்துக்கிட்டு.

தண்ணி மாத்துதேன்னு அடுக்களை உப்பை அள்ளிக் கொட்டிராதே. தூத்துக்குடி உப்பளத்துக்காரன் பேரன் டப்பாவுல அடைச்ச கடல் உப்பைக் காசு குடுத்து வாங்குதான்னு இங்கன பலபேர் சிரிச்சாங்க. சிரிக்கட்டும், உப்பைத் தின்னுதவனுக்கு உப்போட கதை தெரியாது. கடல் தண்ணியோட உப்புக் கனத்தை டிகிரியில பாத்தா 3 சொச்சம் காட்டும். வெயில்ல வத்தி வத்தி 25-க்கு வந்தாத்தான் பாத்தியில உப்பு விளையும். அதுக்கு முந்தியே சுண்ணாம்புச் சத்துல பாதிக்கு மேல அடியில படிஞ்சிரும். உப்பை வாரின பொறவு மிஞ்சுத கசப்புத் தண்ணியோட மக்னீசியமும் போயிரும். நம்ம சாம்பாருக்கு வாரது கடைசியில நிக்குத வெறும் உப்பு. கடல்ல பெறந்த ஜீவனுக்கு அந்தப் போன சரக்கெல்லாம் வேணும்ல. அதனாலதான் அந்த டப்பா உப்பு, லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. அந்த விசயத்துல மட்டும் நீ கஞ்சத்தனம் பண்ணாதது நல்லது.

அடுத்து உன் பெரிய கனவுக்கு வாரேன். குட்டி வளத்து ஒண்ணு இத்தனை ரூவான்னு விக்கப்போறியாம். நீ வாங்கினது ஒரே ஒரு 'பபிள் டிப்' சாமந்தி. அது நடுவுல கிழிஞ்சு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. நீயும் சொந்தக்காரனுக்கெல்லாம் போட்டோ அனுப்புனே. ஏல, அத்தனையும் ஒரே ஆளு! இந்த சாதியில ஆண் வேற, பொண்ணு வேற. ஒண்ணுல இருந்து கிழிஞ்சதெல்லாம் அந்த ஒண்ணோட இனமாத்தான் இருக்கும். உன் தொட்டியில புகை ஊதுனது நாலும் ஆம்பளைங்க. பொண்ணே வராத கல்யாண மண்டபத்துல பந்தி போட்டுட்டு, நீ மொய் எழுத நோட்டு வாங்கிட்டே.

கடல்ல நடக்குத முறையே வேற. ஆஸ்திரேலியாவுல சாலிட்டரி தீவுப் பக்கம் ஆராய்ச்சிக்காரங்க பாத்து எழுதி வச்சிருக்காங்க. கோடை முடியுத மாசங்கள்ல, பௌர்ணமி கழிஞ்ச சில ராத்திரி, ஆணும் பொண்ணும் ஒரே சமயத்துல விடுதாம். முட்டைக்குள்ளயே அம்மாக்காரி சாப்பாட்டுக்குப் பாசியையும் வச்சு அனுப்புதா. வெயில் பட்டா அந்தப் பாசி சோறாக்கும். நீ பல்பைக் காட்டி நிலான்னு ஏமாத்துதே. தப்பித் தவறி ஒரு குஞ்சு உருவானாலும் உன் பம்பு உறிஞ்சிரும்.

நெசமாவே பிள்ளை பெக்குத சாமந்தி வேணும்னா வேற சாதியைப் பாக்கணும். 1828-ல ஸ்காட்லாந்துல ஜான் டால்யெல்னு ஒருத்தர், நார்த் பெர்விக் கடக்கரைப் பாறையில இருந்து ஒரு சாமந்தியை எடுத்துட்டு வந்து கண்ணாடிச் சாடியில போட்டாரு. லைட்டு இல்ல, மோட்டார் இல்ல, ஸ்கிம்மர் இல்ல. கடல் தண்ணியை மாத்தி மாத்தி ஊத்துனதுதான் ரகசியம். திங்க அப்பப்பம் சிப்பிச் சதை. இந்த சாதி குட்டியை வயித்துக்குள்ளயே வச்சிருந்து, கை கால் மொளைச்ச பொறவு வாய் வழியாத் துப்பும். கைன்னு சொன்னது கொடுக்கு மாதிரி இருக்க அந்த இழையை, நீ உடனே பொஸ்தகத்தைத் தூக்கிட்டு வராதே. பெரும்பாலும் தாயோட நகல்தான், மாப்பிள்ளை தேட வேண்டிய வேலையே இல்ல.

1851-ல டால்யெல் போய்ச் சேந்தாரு. சாமந்தி போவல. சாடி வேற ஒருத்தர் கைக்குப் போச்சு, அப்புறம் இன்னொருத்தர் கைக்கு. கெழவி ஓஞ்சுட்டான்னு நெனச்சிருந்தா, 1857-ல ஒரே ராத்திரியில 230 குட்டி போட்டா. 'பாட்டி'ன்னே அவளுக்குப் பேரு. பாக்க வாரவங்களுக்காக எடின்பரோவுல பார்வையாளர் நோட்டே வச்சிருந்தாங்கன்னு சொல்லுவாங்க. 1887-லதான் கண்ணை மூடினா, அதுக்கு பேப்பர்ல இரங்கல் செய்தி வந்துச்சு. நாளைக்கு எனக்கு அப்படி வருமான்னு கேட்டா, உங்கப்பன் விளம்பரத்துக்கு ரேட்டு கேப்பான்.

சரி, உன் நாலு தடியன்ல ஒண்ணை வித்து இந்த மாசக் கரண்டு பில்லைக் கட்டு. மத்தது மறுபடியும் கிழிஞ்சு கணக்கைச் சரி பண்ணிரும். அலை கெளப்புத வேவ்மேக்கருக்கு வலை கட்டு, ஊர்ந்து போய் அதுல மாட்டிச்சுன்னா அரைச்சுத் தொவையலாக்கிரும். பொறவு, அந்த ஸ்கிம்மர் கப்பை அடுக்களைத் தொட்டியில கழுவாதே. அப்படித்தான் கழுவுவேன்னா, உன் பொண்டாட்டி தாய் வீட்டுக்குப் பஸ் ஏறுன பொறவு கழுவு.