துருப்பிடித்த கோடீஸ்வரர்

மோட்டார் சைக்கிள் பிரியர் வேறு, மோட்டார் சைக்கிள் சேகரிப்பாளர் வேறு. பிரியரைக் கண்டுபிடிப்பது சுலபம்: நக இடுக்கில் கிரீஸ், முழங்காலில் பழைய தழும்பு, வாயைத் திறந்தால் மைலேஜ். சேகரிப்பாளரிடம் இவை மூன்றும் இருக்காது. வெள்ளைக் காட்டன் கையுறை, சட்டைப் பையில் குட்டி டார்ச், பல் டாக்டர் வைத்திருப்பதுபோல் பிடி போட்ட சின்னக் கண்ணாடி. ஜனவரியில் லாஸ் வேகாஸ் ஏலத்திலும், ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் ஏலத்திலும் இவர் தரிசனம் தருவார். வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, என்ஜினுக்கு அடியில் கண்ணாடியை நுழைத்து, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பார். மந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட வேண்டாம், கூட்டல் கணக்குதான் போடுகிறார். போருக்குப் பிறகு வின்சென்ட் கம்பெனி செய்த இரட்டை சிலிண்டர் வண்டியில், என்ஜின் நம்பரோடு 1900-ஐக் கூட்டினால் ஃபிரேம் நம்பர் வரவேண்டும். பின்பக்க ஃபிரேமில் அடித்த நம்பர் முன்னதோடு ஒத்துப்போக வேண்டும். கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பத்துப் பொருத்தம் பார்க்கிற ஜோசியர்கூட ஒன்றிரண்டு இடித்தால் பரிகாரம் சொல்லி முடித்துவைப்பார். இங்கே பரிகாரம் கிடையாது. ஒரு எண் இடித்தால் சம்பந்தம் முறிந்தது, விலையில் பாதி போயிற்று.

இத்தனை பாடுபட்டு இவர் வாங்குவதுதான் என்ன? கேட்டால் வேகம் என்பார், அழகு என்பார், அந்தக் காலத்து வேலைப்பாடு என்பார். ஏலத்தில் எது எவ்வளவுக்குப் போயிற்று என்று நிதானமாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இவர் காசு கொடுத்து வாங்குவது தோல்வியை. எந்தக் கம்பெனி நொடித்ததோ, எந்த வண்டியை அன்றைக்கு ஆள் சீந்தவில்லையோ, அதற்குத்தான் இன்று அடிதடி. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் 13,20,000 டாலருக்கு, அதாவது பதினோரு கோடி ரூபாய்க்கு மேல் போனது 1915-ஆம் ஆண்டு சைக்ளோன். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் செய்த மஞ்சள் வண்டி. பலகை பாவிய பந்தயப் பாதைகளில் பாய்ந்தால் பிடிக்க ஆளில்லை. ஆனால் பந்தயம் முடிகிறவரை என்ஜின் தாங்குமா என்பது தெய்வச் செயல். கம்பெனி சில வருஷத்திலேயே கடையைக் கட்டியது. நூறு வருஷத்துக்கு முன்னால் அதை நம்பிப் பணம் போட்டவர்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டார்கள். இன்று அதே வண்டிக்காக ஏலத்தில் கை தூக்குகிறவர் ராஜாவாக நடக்கிறார்.

வின்சென்ட் கதையும் இதுதான். அந்தக் கம்பெனியின் வண்டியில், 1948-இல் யூட்டா மாநிலத்து உப்புத் தரையில், ரோலி ஃப்ரீ என்ற அமெரிக்கர் மணிக்கு 150 மைலைத் தாண்டினார். போட்டிருந்த தோல் உடை காற்றில் கிழிந்து வேகத்தைக் குறைக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் நீச்சல் ஜட்டியோடு வண்டிமேல் குப்புறப் படுத்து ஓட்டினார். இதைவிடப் பெரிய விளம்பரம் ஒரு கம்பெனிக்குக் கிடைக்காது. அந்தப் பெயரை வைத்து பந்தயத்துக்கென்றே செய்த பிளாக் லைட்னிங் எத்தனை விற்றது? ஏறக்குறைய முப்பது. 1955 டிசம்பரில் வின்சென்ட் மோட்டார் சைக்கிள் செய்வதையே நிறுத்தியது. அந்த முப்பதில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் 1953-இல் ஜாக் எரெட் வேக சாதனை படைத்த வண்டி, 2018-இல் 9,29,000 டாலருக்குப் போனது. முப்பதுக்குப் பதில் முப்பதாயிரம் விற்றிருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும். சேகரிப்பாளர் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்.

வண்டி தோற்றால் மட்டும் போதாது, துருப்பிடிக்கவும் வேண்டும். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் ஜார்ஜ் பிரஃப் என்பவர் பிரஃப் சுப்பீரியர் என்று ஒரு வண்டி செய்தார். ஏற்கெனவே மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த அவருடைய அப்பா, ‘உன்னுடையது சுப்பீரியர் என்றால் என்னுடையது என்ன இன்ஃபீரியரா?’ என்று கேட்டதாகச் சொல்வார்கள். மோட்டார் சைக்கிள்களில் ரோல்ஸ் ராய்ஸ் என்று பெயரெடுத்த வண்டி அது. என்ஜின் ஒருவரிடம், கியர் பாக்ஸ் இன்னொருவரிடம் என்று வாங்கிப் பூட்டியதுதான். சேகரிப்பாளர் முன்னால் மட்டும் இதைச் சொல்லிவிடக் கூடாது. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பெயரெடுத்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஏழு பிரஃப் வைத்திருந்து, எட்டாவதுக்கும் சொல்லிவைத்திருந்தார். ஏழாவதிலிருந்து 1935-இல் விழுந்து இறந்தார். மொத்தம் மூவாயிரம் வண்டியோடு 1940-இல் தயாரிப்பு நின்றது. இவற்றில் எட்டு வண்டிகள் கார்ன்வால் பக்கம் பாட்மின் மூரில் கொட்டகைகளில் ஐம்பது வருஷத்துக்கு மேல் கிடந்தன. கிடந்த நிலையைச் சொல்வதானால், தெருவில் பேரீச்சம்பழக்காரர் வந்தால் ஒரு பொட்டலத்துக்கு மேல் தந்திருக்க மாட்டார். அக்கு வேறு ஆணி வேறாகக் கழன்று, செங்காவி நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்த அந்த இரும்பு, 2016 ஏப்ரலில் ஸ்டாஃபோர்ட் ஏலத்தில் ஏழரை லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதிலும் கார் என்ஜினைத் தூக்கிவைத்து, பின்னால் இரண்டு சக்கரம் ஒட்டினாற்போல் பூட்டிய விநோதம் ஒன்று தனியாக 3,31,900 பவுண்டு. அப்படிப்பட்ட வண்டியை விரல்விட்டு எண்ணுமளவுக்குத்தான் செய்தார்கள், வாங்க ஆளில்லை. எட்டு வண்டியில் ஒன்றையாவது யாராவது நல்ல மனசோடு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் சேகரிப்பாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரிஜினல் ஒரு தடவைதான் ஒரிஜினல் என்பது இவர்களுடைய வேதவாக்கு. அந்தத் துருவும் ஒரிஜினல்.

இதற்கு மறுப்பு உண்டு. ஹார்லி டேவிட்சன் தோற்ற கம்பெனியா? இன்றும் ஓஹோவென்று பெயரோடு நிற்கிறது. அதன் 1908-ஆம் ஆண்டு வண்டி 2023-இல் 9,35,000 டாலருக்குப் போகவில்லையா? போனது. ‘ஸ்ட்ராப் டேங்க்’ என்று அதற்குப் பெயர். டேங்க்கை ஃபிரேமோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்ட நிக்கல் முலாம் பூசிய பட்டைகளால் வந்த பெயர். ஆனால் கணக்கைப் பாருங்கள். அந்த வருஷம் செய்தது 450 வண்டி. மற்றவை எங்கே? கடிதம் சுமந்தன, சாமான் சுமந்தன, மண் ரோட்டில் தேய்ந்தன, பழைய இரும்புக்குப் போயின. இந்த ஒன்று விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கொட்டகையில் 1941-இல் அகப்பட்டது. எடுத்தவர் 66 வருஷம் கைவிடாமல் வைத்திருந்தார். கம்பெனி பிழைத்தது நிஜம். சமர்த்தாக உழைத்த அண்ணன் தம்பிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்ச் சேர, வேலைவெட்டி இல்லாமல் கொட்டகையில் தூங்கிய பிள்ளை கோடீஸ்வரன் ஆனான். வண்டியாக அது தோற்றதால்தானே இந்த வாழ்வு!

இன்னொரு மறுப்புக்கு எடை அதிகம். இவர்கள் இல்லாவிட்டால் இதெல்லாம் உருக்கு உலைக்குப் போயிருக்கும் என்பது. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஒரு நாட்டின் தொழில் திறமையை அருங்காட்சியகங்கள் தேடத் தொடங்குமுன்பே தன் கொட்டகையில் இடம் கொடுத்தவர் இவர். ஆனால் எதிலிருந்து காப்பாற்றுகிறார் என்று பார்த்தால், துருவிலிருந்து இல்லை (துருதான் சொத்தாயிற்றே). மழையிலிருந்து, பெட்ரோலிலிருந்து, முக்கியமாக ரோட்டிலிருந்து. வண்டி டிரெய்லரில் ஏறி ஏலத்துக்கு வரும், டிரெய்லரில் ஏறி வீட்டுக்குப் போகும். சக்கரம் உருளுவது சரிவுப் பலகையின் பத்தடி தூரம்தான், அதுவும் நாலு பேர் தாங்கிப் பிடிக்க. கீழே ஒரு தகரத் தட்டு. அந்தக் கால ஆங்கில வண்டிக்கு ஆயில் சொட்டுவது பிறவிக் குணம். சொட்டினால் பெருமூச்சு விடுவார். சொட்டாவிட்டால் உள்ளே ஆயில் இல்லை என்று கவலைப்படுவார்.

ஓட்டுகிறவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். 2010-இல் முதன்முதலாக நடந்த ‘கேனன்பால்’ பயணத்தில் 1916-க்கு முந்திய வண்டிகளை அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு ஓட்டினார்கள். வழியோரத்தில் உட்கார்ந்து பிஸ்டனைக் கழற்றி மாட்டி, மறுபடி கிளம்பினார்கள். இவர்களை நம் கணக்கில் சேர்க்க முடியாது. கையில் காசு சேர்ந்துவிட்ட பிரியர்கள் இவர்கள். அசல் சேகரிப்பாளர் இவர்களைப் பார்ப்பது, சோழர் காலத்துக் குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டவரைப் பார்ப்பதுபோல.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வின்சென்ட் வண்டி நின்றுபோன அதே 1955-இல்தான் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. இங்கிலாந்திலிருந்த தாய்க் கம்பெனி பின்னால் மூடிக்கொண்டது. சென்னைப் பிள்ளை மூடவில்லை. புல்லட் இன்றைக்கும் ஷோரூமில் புதிதாகக் கிடைக்கிறது. ஆகவே அப்பா விட்டுப்போன புல்லட் வீட்டுத் திண்ணையோரம் நின்றால், துருவைத் தொடாமல் வைத்துக் கோடி வருமென்று காத்திருக்க வேண்டாம். நன்றாகத் துடைத்து, ஆயில் மாற்றி, ஓட்டுங்கள்.