மாணவத்தன்மை பஸ்ஸுக்கா, பையனுக்கா? ஆஸ்டின் டவுனை முன்வைத்து ஓர் ஆய்வு

வண்டி இன்சூரன்ஸில் மாணவருக்குத் தள்ளுபடி உண்டா என்ற வினா பெங்களூரு ஆஸ்டின் டவுனில் இதுவரை முறைப்படி ஆராயப்படவில்லை. நந்தன் மைதானத்துக் கால்பந்தைப் பற்றிப் பேச அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. கன்னட அகராதி செய்த கிட்டலின் பெயரைப் பேட்டைக்குச் சூட்டிய பிறகும் ஊர் வாயில் அது ஆஸ்டின் டவுனாகவே இருப்பதைப் பற்றியும் பேசுவார்கள். பிரீமியம் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. முடிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தள்ளுபடி உண்டு, ஆனால் அது மாணவருக்கில்லை, மாணவர் ஏறும் பஸ்ஸுக்கு. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த, பிறருக்கு நேரும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி கட்டணத்தில் கல்வி நிறுவன பஸ்ஸுக்கு 15 சதவீதம் கழிவு. மின்சார வண்டிக்கும் அதே 15, ஹைப்ரிடுக்கு 7.5, விண்டேஜ் என்று பதிவான காருக்கு 50. பட்டியலில் மூச்சு விடுகிற பிராணி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்க. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இரண்டாம் பிரிவு, 11-ஆம் உட்பிரிவில் கல்வி நிறுவன பஸ் இன்னதென்று இலக்கணம் வகுக்கிறது. மாணவர் இன்னார் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. ஆக, மாணவத்தன்மை இந்தியச் சட்டத்தில் டயர் உள்ள பொருளுக்கே உரியது. இதிலிருந்து என் கோட்பாடு பிறக்கிறது: சலுகை தகுதியைப் பார்த்து வருவதில்லை, முத்திரையைப் பார்த்து வருகிறது. பஸ்ஸுக்கு ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, பையனுக்கு இல்லை.

அமெரிக்காவில் பையனுக்கே தருகிறார்களே என்பார் உளர். தருகிறார்கள். 25 வயதுக்குள், முழுநேரப் படிப்பு, சராசரி ‘பி’ கிரேடுக்குக் குறையாத மதிப்பெண், அதற்குக் கல்லூரி தரும் சான்று, அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். கார் வீட்டில் இருக்க, பிள்ளை நூறு மைலுக்கு அப்பால் விடுதியில் படித்தால் அதற்குத் தனிக் கழிவு. அதாவது, ஓட்டாமல் இருப்பதற்கும் படிப்புச் சான்று வேண்டும். ஆனால் இந்தத் தாராளத்தின் வேரைத் தோண்டினால் வேறு கதை. அங்கே பாலிசியில் ஓட்டுநர்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் பெயர் ஏறியதும் பிரீமியம் எகிறுகிறது. பிறகு நல்ல மார்க்குக்காக அதில் கொஞ்சம் திருப்பித் தருகிறார்கள். விலையை ஏற்றி எழுதிவிட்டு ஆடித் தள்ளுபடி போடுகிற ஜவுளிக்கடை முறைதான் இது. நம் ஊர்க் கட்டணமோ காரின் சி.சி., வயது, பதிவான ஊர் இவற்றைப் பார்க்கிறது. பெங்களூரு என்பதால் வண்டி ‘ஏ’ மண்டலம். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவர் ஓட்டினாலும் பாலிசி பேசும். அப்பா பெயரிலுள்ள காரை மகன் ஓட்டுகிறான் என்பதே கம்பெனிக்குத் தெரியாது. தெரியாதவனுக்குத் தண்டனையும் இல்லை, தண்டனையில் கழிவும் இல்லை.

அற்றேல், இல்லாத சலுகையை ஆராய்வானேன் எனின், கடல்கொண்ட நூல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பரம்பரை நாம், நமக்கு இது பெரிதில்லை. பஸ்ஸின் 15 சதவீதத்தை நாளையே மாணவருக்கும் நீட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்டின் டவுன் சந்துகளில் மாணவர் வண்டி பெரும்பாலும் நூற்றுப்பத்து சி.சி. ஸ்கூட்டர். அதற்கு ஆண்டுத் தேர்டு பார்ட்டி 714 ரூபாய். கழிவு 107 ரூபாய் 10 காசு, மிச்சமாகும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் 126 ரூபாய் சொச்சம். புது ஸ்கூட்டரென்றால் சிக்கல் முற்றுகிறது. உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு, புது காருக்கு மூன்றாண்டு தேர்டு பார்ட்டி மொத்தமாகக் கட்டியாக வேண்டும். நம் ஸ்கூட்டருக்கு அது 3,851 ரூபாய், கழிவு 577 ரூபாய் சொச்சம். ஐந்தாண்டுக்குக் கழிவு வாங்குகிறவர் ஐந்தாண்டும் மாணவராக இருக்க வேண்டாமா? பி.காம். படிப்பவர் மூன்றாண்டில் வெளியே வந்துவிடுவார். கர்நாடகத்தில் 2021-இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தபோது சற்று நம்பிக்கை பிறந்தது, 2024-இல் அதை மறுபடி மூன்றாக்கிவிட்டார்கள். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு போன்றவைதான் ஸ்கூட்டருக்கு அளவாகப் பொருந்துகின்றன. தவறினால், அரியர் வைத்த பொறியியல் மாணவர். மூன்றாண்டுக்குக் கட்டும் காருக்கு பி.காம். சரியாக இருக்கும். எனவே படிப்பைப் பார்த்து வண்டி வாங்குவதா, வண்டியைப் பார்த்துப் படிப்பில் சேர்வதா என்பது இத்துறையின் தலையாய ஆய்வுச் சிக்கல்.

இனி முத்திரை. போனஃபைட் சர்டிபிகேட் என்பது கல்லூரி லெட்டர்ஹெட்டில் நாலு வரி. இன்னார் மகன் இன்னார் இந்தக் கல்வியாண்டில் இன்ன வகுப்பில் படிக்கிறார் என்று அது சொல்லும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக ஊதா மையில் வட்ட முத்திரை விழும். அதில் உயிர்நாடி, என்ன காரணத்துக்காக என்று எழுதும் கடைசி வரி. பஸ் பாஸ், ஸ்காலர்ஷிப், பேங்க் அக்கவுண்ட், பாஸ்போர்ட் என்பவை மரபு. ‘கார் இன்சூரன்ஸ்’ என்று எழுதச் சொன்னால், கார் வைத்திருப்பவனுக்குச் சலுகை எதற்கு என்று ஆபீஸ் கிளார்க் கேட்பார், அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. அடுத்தது இனிஷியல். ஆதாரில் எஸ். முன்னால் நிற்கும், மார்க்ஸ் கார்டில் அதே எஸ். அப்பாவின் முழுப் பெயராக விரிந்து பின்னால் நிற்கும், ஆர்.சி.யில் இருப்பதோ அப்பா மட்டும். பெங்களூருத் தமிழ்ப் பிள்ளை இந்த மூன்று பேரும் ஒருவரே என்று நிறுவுவதற்குள் பாலிசியே காலாவதியாகிவிடும். பஸ் பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: அரசின் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பம், கல்வி நிறுவனத்தின் ஒப்புதல், பெங்களூரு ஒன் மையத்தில் பாஸ். அதே வீட்டுத் தங்கை 2023 ஜூன் 11-இல் பெண்களுக்காகத் தொடங்கிய சக்தி திட்டத்தில், கர்நாடக முகவரி உள்ள அட்டையைக் காட்டி இலவச டிக்கெட்டோடு சாதாரண பஸ்ஸில் போகிறாள். அவள் படிக்கிறாளா என்று யாரும் கேட்பதில்லை. என் கோட்பாட்டுக்கு இதிலிருந்து ஒரு கிளை விதியும் பிறக்கிறது: நிரூபிக்க வேண்டியது குறையக் குறையச் சலுகை பெருகுகிறது.

வண்டிக்குச் சேதமானால் பேசும் ஓன் டேமேஜ் பகுதியில் விலைக் கட்டுப்பாடு 2007 ஜனவரியிலேயே நீங்கிவிட்டதே, கம்பெனிகள் விரும்பினால் அதில் தரலாமே என்பது வலுவான மறுப்பு. தரலாம்தான். ஆனால் பெயர் தெரியாதவனுக்கு எப்படித் தருவது? 2022 ஜூலையில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்த, ஓட்டும் விதத்தைப் பார்த்துப் பிரீமியம் போடும் முறையும் ஆளைத் தேடிப் போவதில்லை. ஒரே காரில் அப்பா மிதிக்கிற சடன் பிரேக்கும் மகனுடைய நிதானமும் ஒரே கணக்கில்தான் சேரும். நல்ல மார்க் வாங்குகிறவர் நன்றாக ஓட்டுவார் என்ற அமெரிக்க நம்பிக்கையை, ஓசூர் சாலையில் ராங்க் ஹோல்டர்களின் வண்டி நிற்கும் விதத்தைப் பார்த்தபின் மறுஆய்வுக்கு விடுகிறேன்.

ஆகவே ஆஸ்டின் டவுன் மாணவருக்கு ஒரு வார்த்தை. வீட்டு வண்டியின் பாலிசி என்றைக்கு முடிகிறது என்று இன்றே பாருங்கள். ஓராண்டு கிளெய்ம் இல்லாவிட்டால் ஓன் டேமேஜில் 20 சதவீதம், ஐந்தாண்டு தொடர்ந்தால் 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ் கிடைக்கும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் போய்விடும். இதற்குப் பிரின்சிபால் கையெழுத்து தேவையில்லை.