அரிசி டிரம்மில் மாங்காய்: ஒரு முதற்கட்ட ஆய்வறிக்கை

தானாகக் கனியாததைத் தடியால் அடித்துக் கனிய வைக்க முடியாது என்பது நம்மவர் துணிபு. அதை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

சித்திரைக் கடைசியில் எட்டு இமாம்பசந்த் காய்கள் எங்கள் வீட்டு அரிசி டிரம்மில் பழுக்கப் போடப்பட்டன. பழுக்க வைப்பது அரிசியின் சூடு என்பது அப்பத்தாவின் கோட்பாடு. அரிசி பாவம், ஒன்றும் செய்வதில்லை. முற்றின காய் தானே விடும் எத்திலீன் வாயுவைக் கலைந்துபோகாமல் காக்கிறது, அவ்வளவுதான். பழுக்கும் ஆப்பிள் இவ்வாயுவை விடுகிறது என்பதை 1934இல் கேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி நிறுவினார். அதற்கு வெகுகாலம் முன்பே அப்பத்தாவின் மாமியாரிடம் குதிர் இருந்தது. யார் முந்தி என்ற வழக்கை இங்கே கிளறவில்லை.

மறுநாளே கட்டைவிரல் சோதனை தொடங்கியது. காலையில் தாத்தா காம்படியில் அமுக்கினார். மதியம் சித்தப்பா. பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. "இன்னும் ரெண்டு நாள் ஆகட்டும்" என்ற முடிவு ஆறு நாளும் பிசகாமல் கிடைத்தது. ஆய்வாளர் கவனித்தது வேறு. அடிபட்ட காய் எத்திலீனைக் கூடுதலாக விடும். ஆக, அமுக்கிப் பார்த்தவர்களே பழுக்கவும் வைத்தார்கள். எகிப்தின் ஒருவகை அத்திக்காயைக் கீறிவிட்டால்தான் பழுக்கும் என்று கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். தடிக்கும் பலன் உண்டு. என்ன, அடித்த இடம் அழுகும்.

இதே நம்பிக்கையில் சித்தி ஒரு புளித்த திராட்சைக் கொத்தையும் உள்ளே இறக்கினார். பறித்தபின் இனிக்கிற சாதியல்ல அது. மூன்றாம் நாள் தோல் சுருங்கியது. புளிப்பு அப்படியே இருந்தது. கார்பைடு கல் முறையை ஆய்வாளர் பரிசீலிக்கவில்லை. சட்டம் தடுத்தது ஒருபுறம், மேலே மஞ்சளும் கொட்டையருகே புளிப்புமாக ஒரு பழத்தை அப்பத்தாவிடம் நீட்டும் துணிவு இல்லாதது மறுபுறம்.

ஏழாம் நாள் எடுத்தபோது ஏழு பழங்களே இருந்தன. எட்டாவது 'ஆவியானது' என்று பதிவாயிற்று. சித்தப்பாவின் மீசையில் மாம்பழ வாசனை அடித்ததாக இரு பிள்ளைகள் சாட்சி சொன்னார்கள்.

ஆடியில் அரிசி அடிதட்டியபோது, படியோடு எட்டாவதும் மேலே வந்தது. கொட்டை மட்டும் கெட்டியாக இருந்தது. சித்தப்பா மறுவிசாரணை கோரியிருக்கிறார்.