பார்ட் புதுசு, சிக்னல் சோர்வு!

கே: ஐயா, அயனி மூலத்தைச் சுத்தம் செய்து புது ஃபிலமென்ட் போட்டோம். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சிக்னல் பாதியாகிவிட்டது. ஃபிலமென்ட் டூப்ளிகேட்டா? (வாசகர், படாளம்)

ப: பழி போடுமுன் நிறை 28, 32 இரண்டையும் பாருங்கள். நைட்ரஜனும் ஆக்சிஜனும் ஏறக்குறைய நாலுக்கு ஒன்றாக நின்றால், உள்ளே ஓடுவது உங்கள் சாம்பிள் அல்ல. படாளத்துக் காற்று!

கே: ஓட்டையை எப்படிப் பிடிப்பது? (மதுராந்தகம்)

ப: ஒவ்வொரு இணைப்பிலும் ஆர்கானை மெல்ல ஊதுங்கள். 40 எங்கே துள்ளுகிறதோ, திருடன் அங்கே. பெரும்பாலும் உங்கள் ஸ்பேனர் கடைசியாகத் தொட்ட இடம்தான்.

கே: கசிவு இல்லை. 18 மட்டும் மலையாக நிற்கிறதே? (செங்கல்பட்டு)

ப: ஈரம். சூடேற்றி, ராத்திரி முழுக்க பம்ப் இழுக்கட்டும். நீங்கள் தூங்கப் போங்கள்.

கே: எலெக்ட்ரான் மல்டிபிளையரும் புதுசு. பழைய வோல்ட்டேஜையே வைக்கலாமா? (அச்சிறுபாக்கம்)

ப: கூடாது, மறுபடி டியூன் செய்யுங்கள். டியூனில் நிறை 69 ஜோராக வந்து 502 படுத்துவிட்டால், மூலத்தைத் திறந்து லென்ஸ் வரிசையைச் சரிபாருங்கள். டியூன் பிரமாதம், சாம்பிள் மட்டும் சோகமா? குற்றவாளி சாம்பிள் நுழையும் வாசலில் நிற்கிறான்: லைனர், செப்டம், ‘காலம்’ (column) குழாயின் நுனி.

கே: பார்ட்டை எடுக்கக் கையுறை அவசியமா? (மாமல்லபுரம்)

ப: உளி பிடிக்கும் ஊரில் சிரிப்பார்கள். இருந்தாலும் போடுங்கள், பஞ்சு உதிராததாக. விரல் எண்ணெய் வெற்றிடத்தில் மெல்ல மெல்ல ஆவியாகி, ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடும்.

கே: நம் பக்கத்தில் இந்தக் கருவிக்கு என்ன வேலை? (திருக்கழுக்குன்றம்)

ப: கல்பாக்கத்தைக் கேளுங்கள். அங்கே 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையைக் குளிர்விப்பது திரவச் சோடியம். சூடான சோடியம் காற்றைக் கண்டால் எரியும். தண்ணீரைக் கண்டால் வெடிக்கும். ஆகவே அந்தக் குழாய்களின் வெல்டில் மயிரிழைக் கசிவும் ஆகாது. அதைத் தேடுவது ஹீலியம் கசிவுமானி. நிறை 4-ஐ மட்டும் உற்றுப் பார்க்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் அது. காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் சுமார் ஐந்து பங்கு. இம்மி கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்குக் கசிவு தலைவலி. அவர்களுக்கு அதைத் தேடுவதே உத்தியோகம்!

கே: சர்வீஸ் இன்ஜினியரை எப்போது கூப்பிடலாம்? (கருங்குழி)

ப: பார்ட் மாற்றுமுன் எடுத்த டியூன் ரிப்போர்ட் கையில் இருக்கும்போது. இல்லையென்றால், "முன்னாடி எவ்வளவு வந்துச்சு?" என்ற முதல் கேள்வியிலேயே நீங்கள் ஃபெயில்.