காலைக் கழுவுவதா, கையைக் கழுவுவதா?

பூவம் சின்ன ஊர். நண்டலாற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் புதுச்சேரி. இந்த மாதம் ஆலய விவகாரமாக வந்த கேள்விகளை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். மாமியார், மருமகள், கடன், பட்டா, வேலித் தகராறு எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டன. ஆலயம் என்றால் பின்னே வேறென்ன? பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் ஊரும் உறவும் மட்டும்.

பூசையில் "சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்" என்றதும் என் நாத்தனார் எனக்கு மட்டும் கும்பிடு போடாமல் திரும்பிக்கொள்கிறாள். நான் என்ன செய்ய? (ஒரு மருமகள், கோட்டுச்சேரி)

அவர் திரும்பிக்கொண்டது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நீங்களும் அவரையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். வெளிநாட்டு ஆலயங்களில் கைகொடுக்க வேண்டும், சில இடங்களில் கட்டிப்பிடிக்கவே வேண்டும். 1969-ல் நம் நாட்டுத் திருப்பலிக்கு இந்திய முறைகளை அனுமதித்தபோது, கும்பிட்டாலே போதும் என்று ஆக்கிக் கொடுத்தார்கள். தொட வேண்டாம், பேச வேண்டாம். இதைவிட மலிவான சமாதானம் உலகத்தில் கிடையாது. அதற்கும் மனசு வராமல் மின்விசிறியைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஞாயிறு நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். பதிலுக்குக் கும்பிடாவிட்டால் பின் பெஞ்சில் இருக்கிற அத்தைகள் பார்த்துக்கொள்வார்கள்.

தம்பி என்னிடம் பதினைந்தாயிரம் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. மன்னிப்பதா, கேட்பதா? (ஓர் அண்ணன், வரிச்சிக்குடி)

இதற்கு மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ராஜாவுக்குப் பத்தாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரன், கெஞ்சிக் கூத்தாடித் தள்ளுபடி வாங்கினான். வெளியே வந்ததும், தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடித்தான். ஒரு தெனாரியம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஆக ராஜா தள்ளுபடி செய்தது 6 கோடி நாள் கூலி. லீவே போடாமல் உழைத்தாலும் அடைக்க 1,64,000 வருஷம் ஆகும். கழுத்தைப் பிடித்ததோ நூறு நாள் கூலிக்கு. நம் ஊர் நூறு நாள் வேலைதான், வேறொன்றுமில்லை.

உங்கள் தம்பி சமாசாரத்தில் ஒரு எச்சரிக்கை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில், பாலத்துக்கு அந்தப் பக்கம் லுத்தரன்காரர்கள் "கடன்" என்று சொல்கிறார்கள். இந்தப் பக்கம் கத்தோலிக்கர்கள் "குற்றம்" என்கிறோம். பணம் திரும்பி வர வேண்டுமானால் தம்பியைத் தரங்கம்பாடி ஆலயத்துக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள்.

மன்னிப்புக்கும் மறதிக்கும் என்ன வித்தியாசம்?

"அதையெல்லாம் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்று ஆரம்பித்து, நடந்ததைத் தேதி, கிழமை, அன்று வைத்த குழம்பு உட்படச் சொல்பவர் மன்னிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. பதிவாளர் அலுவலகம் நடத்துகிறார்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவப் பன்னிரண்டு பேரைக் கூப்பிடுகிறார்கள். நாற்பது வருஷமாகக் கோயிலுக்கு உழைத்த என் மாமனாரை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. வருத்தத்தில் ஆலயத்துக்கே போகமாட்டேன் என்கிறார். (மருமகள், காரைக்கால்)

அந்தப் பன்னிரண்டு பேரை நான் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன் அம்மா. வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, ஒருவர் பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாமியார் ஊற்றிய தண்ணீருக்கு அந்தக் காலில் வேலையே இல்லை. 2016 வரை ஆண்கள் கால்தான் கழுவலாம் என்றிருந்தது. பெண்களுக்கும் கழுவலாம் என்று அந்த ஜனவரியில் ரோமிலிருந்து உத்தரவு வந்தது. போட்டி இரண்டு மடங்கு ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

மாமனாருக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. அதற்கு முன்னும் பின்னுமாக நம் சாலையில் காவி கட்டிய கூட்டம் நடந்து போகும். சென்னையிலிருந்து கிளம்பியவர்கள் பூவத்துக்கு வரும்போது அந்தக் கால்களைப் பார்க்க வேண்டும். குதிகால் வெடித்து, விரலிடுக்கில் கொப்புளம் உடைந்து, துணி சுற்றி, துணியும் தாரோடு ஒட்டி. பக்கத்துத் தெரு ஆயா ஒருவர் வருஷா வருஷம் ரோட்டோரம் பிளாஸ்டிக் டப் வைத்து உட்கார்ந்துவிடுவார். வெந்நீர், கல்லுப்பு, ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய். துணியை இழுத்துப் பிரிக்க மாட்டார். டப்பில் ஊறவிட்டு, அது தானாக விட்டுக்கொடுக்கும்வரை ஊர்க்கதை பேசுவார். ஆயா மாரியம்மன் பக்தை. மாமனாருக்குக் கால் கழுவிவிடத்தான் ஆசை என்றால் பன்னிரண்டு என்ன, ஆயிரம் கால் வரும். தன் காலைக் கழுவிவிட வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், வீட்டிலேயே நீங்கள் ஒரு சொம்பு ஊற்றிவிடுங்கள்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கேட்டால் "கமிட்டியில் வைக்கிறோம்" என்கிறார்களே? (அம்பகரத்தூர்)

வியாழன் ராத்திரி ஒருவர் கால் கழுவினார், வெள்ளிக்கிழமை காலையில் இன்னொருவர் கை கழுவினார். எருசலேமில் இரண்டுக்கும் ஒரே ஊர்த் தண்ணீர்தான். "கமிட்டியில் வைக்கிறோம்" என்பது பிலாத்துவின் சொம்பு. உங்கள் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அவர்களிடம் போய்ப் பாருங்கள். 1833-ல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் இருபது வயது மாணவராக இருந்தபோது நண்பர்களோடு தொடங்கியது. வீட்டுக்கே நேரில் போய்ப் பார்ப்பது அவர்கள் வழக்கம். கூட்டத்தில் பை சுற்றி வரும்; யார் எவ்வளவு போட்டார்கள் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. கல்வெட்டில் பெயர் போட்டு உபயம் எழுதும் நம் ஊருக்கு இது கொஞ்சம் கஷ்டமான வழக்கம்தான்.

நான் ஆலயத் தொண்டுக்குப் போனால் வீட்டுக்காரர் கணக்குக் கேட்கிறார். அரிசி எவ்வளவு போனது, பருப்பு எவ்வளவு போனது என்று. (நெடுங்காடு)

இது காரைக்கால் மண்ணின் மிகப் பழைய பிரச்சினை அம்மா. புனிதவதி அடியாருக்கு ஒரு மாம்பழம் கொடுத்தார். சாப்பிட உட்கார்ந்த கணவர் பரமதத்தன் இன்னொன்றையும் கொண்டுவா என்றார். அந்தக் கணக்கு எங்கே போய் நின்றது என்று ஊருக்கே தெரியும்: கணவர் பயந்துபோய்க் கப்பலேறினார், மனைவி காரைக்கால் அம்மையார் ஆனார். இன்றைக்கும் ஆனி மாதம் மாடியிலிருந்து மாங்கனி வீசுகிறோம். மதம் பார்த்தா பிடிக்கிறார்கள்? இந்தக் கதையை இன்று ராத்திரி வீட்டுக்காரருக்குச் சாதம் போடும்போது சொல்லுங்கள். கப்பல் பாகத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்.

உதவி செய்யப் போய் வம்பில் மாட்டிக்கொண்டேன். இனிமேல் யாருக்கும் எதுவும் செய்வதில்லை என்று முடிவு. சரிதானே?

பஸ் ஏறித் தரங்கம்பாடி போய்ப் புதிய எருசலேம் ஆலயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1718-ல் அதைக் கட்டி முடித்த மிஷனரி சீகன்பால்கு, 1706 ஜூலை 9-ல் அங்கே வந்து இறங்கியவர். இரண்டே வருஷத்தில், கடன் வழக்கில் சிக்கிய ஒரு நாவிதர் வீட்டு விதவைக்காகப் பேசப் போனார். விவகாரம் முற்றி, டேனிஷ் கவர்னர் அவரைப் பிடித்து நான்கு மாதம் உள்ளே வைத்தார். அனுப்பி வைத்ததே டென்மார்க் ராஜா. பிடித்து அடைத்ததும் அதே ராஜாவின் ஆள். வெளியே வந்தவர், உங்களைப்போல முடிவெடுத்து மூட்டை கட்டியிருக்கலாம். அதே ஊரில் அச்சகம் வைத்தார்; 1715-ல் அங்கே புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. உங்கள் வம்பு எத்தனை மாதம் என்று எழுதவில்லையே?

தொண்டர்களுக்குள்ளேயே ஏன் இவ்வளவு சண்டை?

தொண்டு நிறைய இருக்கிறது, பேட்ஜ் கொஞ்சமாக இருக்கிறது.

வெளியூர்க்காரர்கள் பூவம் வந்ததும் முகம் மலர்வது ஏன்? (பொறையாறு)

தெரியாத மாதிரிக் கேட்கிறீர்கள். இந்தப் பக்கம் சில சரக்குகள் மலிவு. பாவசங்கீர்த்தனம் மட்டும் பாலத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே விலை.

அன்பியக் கூட்டம் எல்லாத் தெருவிலும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. எங்கள் தெரு வந்தால் மட்டும் "இந்த மாசம் கோயில்லயே வச்சிக்கலாம்" என்கிறார்கள். கேட்டால் மன்னிக்கப் பழகு என்கிறார்கள். (கல்லூரி மாணவர், காரைக்கால்)

தம்பி, இதற்கு நான் சிரித்துப் பதில் சொல்ல மாட்டேன். மிதித்த காலை எடுக்காமலே "மன்னித்துவிடு" என்றால், அதற்கு "அசையாதே" என்று அர்த்தம்.

இது நேற்று முளைத்ததும் இல்லை. புதுச்சேரி ஆலயத்துக்குள் சாதிக்காரர்களையும் தாழ்த்தப்பட்டவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, பிறகு இது எதற்கு என்று தாழ்த்தப்பட்டவர்கள் சாமியாரிடம் நேரே போய்க் கேட்டார்கள், சுவர் இடிந்தது. 1745-ல் நடந்த இதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். தெற்கே வடக்கன்குளத்தில் ஆலயத்தையே இரண்டு கால் மாதிரி பிரித்துக் கட்டி, நடுவில் தடுப்பும் வைத்தார்கள். 1910-ல் கௌசானல் அடிகளார் தடுப்பை எடுத்தபோது, எடுத்தது தப்பு என்று வழக்குப் போட்டு உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள். ஆலயத்துக்குள் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்று இந்திய ஆயர் பேரவையே 2016-ல் எழுத்தில் ஒப்புக்கொண்டது. ஆக, உன் தெருவில் நடப்பது உன் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் அந்த வருஷத்தை மட்டும் சொல்.

மன்னிப்பது உன் இஷ்டம், உன் நேரம். அதை வேறொருவர் உன்னிடம் வேலையாகக் கொடுக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் எழுந்து "வர்ற மாசம் எங்க வீட்டுல" என்று சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல். பாய் விரித்துச் சுக்குக் காபி போட்டு வை. யார் வந்தார்கள் என்பதும் அதே குறிப்பேட்டில் ஏறட்டும். எனக்கும் தேதி சொல்லி அனுப்பு.

மன்னித்துவிட்டால் வழக்கை வாபஸ் வாங்க வேண்டுமா? (திருநள்ளாறு)

யார் சொன்னது? 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, இலங்கை. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம் மூன்றிலும் குண்டு. மட்டக்களப்பில் செத்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த குழந்தைகள் பலர். அடுத்த வருஷ உயிர்ப்பு ஞாயிறன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்றார் கொழும்புப் பேராயர் மால்கம் ரஞ்சித். மன்னித்த கையோடு, பின்னால் இருந்தது யார், எச்சரிக்கை வந்தும் தடுக்காதது யார் என்று அரசாங்கத்தை விடாமல் கேட்டுக்கொண்டும் இருந்தார். 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு தர வேண்டும் என்று அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

நம் நாட்டிலும் உண்டு. 1999-ல் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். மனைவி கிளாடிஸ் மன்னித்தேன் என்றார். உடனே ஊருக்குக் கிளம்பிவிடாமல் பாரிபடாவில் தொழுநோயாளிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வழக்கு தன் பாட்டுக்கு நடந்தது, தண்டனையும் விழுந்தது. மன்னிப்பு உங்கள் இலாகா, தீர்ப்பு நீதிபதியின் இலாகா. ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார வேண்டியதில்லை.

வேற்று மதத்தவர் நம் ஆலய வேலைகளில் கலந்துகொள்ளலாமா?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி எல்லாம் சுனாமித் தண்ணீருக்குள். நாகூர் தர்கா தன் நிலத்தில் செத்தவர்களுக்குக் குழி தோண்ட இடம் கொடுத்தது; உள்ளே போனவர்களை யாரும் மதம் கேட்கவில்லை. அடுத்த கேள்வி.

அண்ணனோடு பேசி நாலு வருஷம் ஆகிறது. பேசலாம் என்று போனால் வாய் வரமாட்டேன் என்கிறது. எப்படி ஆரம்பிப்பது? (ஒரு தம்பி, காளிக்குப்பம்)

வாய் எதற்கு? எங்கள் தெருவில் ஒரு அண்ணன் தம்பி. பட்டா தகராறு, காரைக்கால் கோர்ட்டில் வழக்கு. ஒரே ஆலயம், ஒருவர் முதல் பூசைக்கு வந்தால் மற்றவர் இரண்டாம் பூசைக்கு. பாதயாத்திரைக்காரர்களுக்கு மோர்ப் பந்தல் போட்டபோது, தெரியாமல் செய்தார்களோ தெரிந்தே செய்தார்களோ, இருவரையும் ஒரே அண்டாவில் விட்டுவிட்டார்கள். தம்பி கடைந்து ஊற்றினார், அண்ணன் டம்ளரில் மொண்டு கொடுத்தார். மத்தியானம் மூன்று மணி வரை கரண்டிச் சத்தம் தவிர வேறு பேச்சில்லை. அப்புறம் அண்ணன் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்துச் சொன்னார்: "மோர்ல உப்புப் பத்தல."

புளியமரம் பதில் சொல்லவில்லை. தம்பிதான் சொன்னார்: "உப்புப் பொட்டலம் ஒன் காலடிலதான் இருக்கு."

அண்ணன் குனிந்து எடுத்தார். பிரிக்க வரவில்லை. தம்பி வாங்கிப் பல்லால் கடித்துப் பிரித்துக் கொடுத்தார்.

அப்படியானால் வழக்கு?

நடக்கிறது. வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே பைக்கில் போகிறார்கள். பெட்ரோல் பாதிப் பாதி.